அஞ்சாப் பிரிச்சுட்டாக

காமயகவுண்டன்பட்டி,
20-4-2009.

அன்புள்ள தம்பி பிச்சைமணிக்கு உன் அக்கா சுருளியம்மாள் எழுதுவது. இங்கே நானும் செண்பகமும் சுகம். மும்பையில் நீயும் பூங்கோதையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

போனை எடுத்துப் பேசினால் முடிகிற விஷயத்துக்கு அக்கா ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நான் கத்துவேன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாளில் கத்த முடியாது. கவருக்குள் நீ அனுப்பிய பேங்க் டிடியும் இருக்கிறது. அதைப் பார்த்துக் கோபப்பட்டுக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. கடைசிவரை படி.

முதலில் நல்ல சேதி. செண்பகத்துக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. தேவதானப்பட்டிக்காரர்கள். பையன் பெயர் ஆதித்தன், பெரியகுளத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறான். வைகாசி இருபத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை முகூர்த்தம். அவள் அப்பா இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. திராட்சை இந்தத் தடவை பாதிதான். காய் திரண்டு வந்த நேரத்தில் மழை பெய்து பழம் வெடித்துவிட்டது. மிச்சத்தை நேற்றுத்தான் பெட்டி போட்டு லாரியில் ஏற்றினோம். கிணற்று மோட்டார் மறுபடியும் காயில் கருகிப் போய்விட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் அப்பா நல்லகண்ணு பூ வைக்க வந்த அன்று, “தாய்மாமன் எங்கம்மா, காணோமே?” என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? எல்லாவற்றையும் சொன்னேன். உன் மச்சான் செத்து வந்த இன்சூரன்ஸ் பணத்தை எடுத்து உன் கையில் கொடுத்ததையும், நீ எனக்கு மேற்குமலை வங்கியில் நூறு பங்கு வாங்கித் தந்ததையும், பங்கு நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் என்று நீ எழுதிய கடிதத்தையும் சொன்னேன். போன தீபாவளிக்கு முன்னால் டிவியில் மார்க்கெட் விழுந்தது என்று தினம் சொன்னார்களே, அப்போது கம்பத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் ஆதியிலிருந்து விலையை எடுத்துத் தரச் சொன்னதையும் சொன்னேன். நீ வாங்கிய தேதி 14-7-2003. அந்தத் தேதிக்கு நேராக அந்தத் தாளில் எண்பத்திரண்டு ரூபாய் நாற்பது காசு என்று இருந்தது. எண்பத்திரண்டு ரூபாய்ச் சரக்குக்கு என் தம்பி நானூற்றுப் பன்னிரண்டு வாங்கிவிட்டான், அவனுக்கு என் வாசலில் இடமில்லை என்று சொல்லி முடித்தேன்.

அவர் காப்பியைக் குடித்துவிட்டு, “அன்னைக்குப் பேப்பர்ல வெல போட்டிருப்பாகளே, பாத்தீகளா?” என்று மட்டும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் சொல்வதை இந்த மனிதர் நம்பவில்லையே என்று ஆத்திரம் வந்தது. பேப்பரையே கொண்டுவந்து அவர் முன்னால் போடுகிறேன் பார் என்று கிளம்பினேன்.

பெட்டிக்கு அடியில் விரிக்கிற பழைய பேப்பரைக் கிலோக் கணக்கில் எடுப்போமே, கம்பத்து அப்துல் அஜீஸ் பாய் கடை, அங்கே போனேன். உத்தமபாளையத்தில் ஒரு வக்கீல் வீட்டைக் காலி செய்தபோது வந்த கட்டுகள் அங்கே கிடந்தன. மாதவாரியாகச் சணலால் கட்டியிருந்தார்கள். இரண்டு நாள் அந்தத் தூசியில் உட்கார்ந்து தேடினேன். பாய் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் 15-7-2003 பேப்பர் கிடைத்தது. அதில்தான் முந்தின நாள் விலை இருக்கும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மேற்குமலை வங்கி, 412.00.

மறுபடி பார்த்தேன். பாயிடம் காட்டிப் படிக்கச் சொன்னேன். அவரும் நானூற்றுப் பன்னிரண்டு என்றுதான் படித்தார். அங்கேயே பேப்பர்க் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினேன். பங்கு வாங்கி விற்கிற ஆபீஸ் ஒன்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஷர்மின் என்று ஒரு பெண், செண்பகம் வயதுதான் இருக்கும். ஒரே தேதிக்கு இரண்டு விலை எப்படி வரும், ஒன்று பொய்தானே என்று கேட்டேன். அவள் இரண்டையும் பார்த்துவிட்டு, “ரெண்டும் நெசந்தாம்மா. இந்தப் பேங்க் 2006ல ஒரு பங்கை அஞ்சாப் பிரிச்சுட்டாக” என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். தண்ணீர் வேணுமாம்மா என்று அந்தப் பெண் எழுந்தே வந்துவிட்டாள்.

பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள். நான் அதை நம் பெட்டிக் கணக்கில் புரிந்துகொண்டேன். பத்துக் கிலோப் பெட்டி ஒன்றை இரண்டு கிலோப் பெட்டி ஐந்தாகப் பிரித்துக் கட்டினால் பழம் அதே பழம்தான், பெட்டி விலைதான் ஐந்தில் ஒன்றாகிவிடும். இன்றைக்குச் சந்தையில் எல்லாம் சின்னப் பெட்டி. அன்றைய விலையை இன்றைய விலையோடு ஒத்துப் பார்க்க வேண்டுமானால் அன்றைய பெரிய பெட்டி விலையையும் ஐந்தால் வகுத்துத்தான் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் அப்படித்தான் பழைய விலையை எல்லாம் வகுத்து எழுதிவைக்கிறதாம். வகுக்காமல் விட்டால் பிரித்த அன்றைக்குப் பேங்கே முழுகிப்போன மாதிரித் தெரியுமாம். நானூற்றுப் பன்னிரண்டை ஐந்தால் வகுத்தால் எண்பத்திரண்டு நாற்பது. ஆயுசு முழுக்கப் பெட்டி எண்ணுகிறவளுக்கு இது தெரியவில்லை பார்.

“ஸ்டேட்மெண்ட் வருமேம்மா, பாக்கலையா?” என்று ஷர்மின் கேட்டாள். வந்ததெல்லாம் பீரோவில் பிரிக்காமலே கிடந்தது. இங்கிலீஷ், நமக்கெதற்கு என்று போட்டுவைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். என் பெயருக்கு நேராக ஐந்நூறு என்று இருந்தது. தீபாவளி சமயத்தில் என் நூறு பங்கும் ஒன்று தொண்ணூற்றாறு ரூபாய்க்கு வந்துவிட்டது, உன் மச்சான் உயிரின் விலை ஒன்பதாயிரத்து அறுநூறு ஆகிவிட்டது என்று ஊரைக் கூட்டி அழுதேனே, அன்றைக்கும் அது நாற்பத்தெட்டாயிரமாக இருந்திருக்கிறது. நீ போட்ட பணத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

இனி எழுதப் போவதுதான் கஷ்டம். தீபாவளி கழிந்து கோம்பையில் பெரியப்பா மகன் வீட்டுக் காதுகுத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த உன்னை எழுப்பி நான் கேட்டேன். நீ கையைக்கூடக் கழுவவில்லை. “அக்கா, பங்கை அஞ்சாப் பிரிச்சுட்டாக, அதனால” என்று ஆரம்பித்தாய். நம் ஊரில் பங்கு பிரிப்பது என்றால் நிலம், இல்லாவிட்டால் ஆட்டுக்கறி. என் பங்கை ஐந்து பேராகப் பிரித்துத் தின்றுவிட்டார்கள் என்று என் காதில் விழுந்தது. “மத்த நாலு பேரு யாருலே?” என்று நான் கத்தியதும் பந்தியே சிரித்தது. நீ இலையை மூடிவிட்டுப் போய்விட்டாய். பூங்கோதை அழுதுகொண்டே பின்னால் வந்தாள். அந்தச் சிரிப்புச் சத்தம் ஒரு வாரமாக என் காதை விட்டுப் போகவில்லை. நான் செய்தது பெரிய தப்பு. அக்கா தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. நான் கேட்கிறேன்.

அடுத்த மாதமே டிடி வந்தது. நூறு பங்குக்கு நீ கூடுதலாக வாங்கிவிட்டதாக நான் அங்கே கத்திச் சொன்ன அதே தொகை, முப்பத்திரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, ரூபாய் பிசகாமல். கூட ஒரே வரி, “செண்பகம் கல்யாணத்துக்கு வச்சுக்கோ அக்கா.” தப்புச் செய்யாதவன் எதற்குப் பணம் அனுப்புவான் என்று அதையும் நாலு பேரிடம் காட்டினேன். பேங்கில் போடாமல் சாட்சிக்கென்று வைத்திருந்தேன். உன் மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. செய்யாத தப்புக்கு ஏன் அனுப்பினாய்? ஒரு தாளில் நாலு வரி கணக்கு எழுதி அனுப்பியிருக்கக் கூடாதா? எழுதினால் மட்டும் அக்கா படித்திருப்பாளா என்று நினைத்திருப்பாய். நினைத்தது சரிதான். டிடியை உன் பேங்கில் கொடுத்து ரத்து செய்து பணத்தை வாங்கிக்கொள். டிடி எடுத்தவரே போனால்தான் தருவார்களாம், ஷர்மினிடம் கேட்டுவிட்டேன். அதையே மாமன் சீராக மாற்றிக் கொண்டுவந்து நிற்காதே. அப்படிச் செய்தால் எனக்கு அதைவிடத் தண்டனை வேறில்லை.

அன்றைக்குக் காதுகுத்துக்கு வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் இப்போது அந்தப் பழைய பேப்பரோடு போய்க்கொண்டிருக்கிறேன். நேற்றோடு பதினொரு வீடு ஆயிற்று. பாதிப் பேருக்குக் கணக்குப் புரியவில்லை. பெட்டியை வைத்துச் சொன்னால் தலையை ஆட்டுகிறார்கள். கோம்பைச் சின்னம்மா மட்டும், “இதுக்காடி அந்தப் பயல அழ வச்ச?” என்று என்னை வைதாள். வாங்கிக்கொண்டேன். நல்லகண்ணு ஐயாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் தாய்மாமன் வந்தால்தான் பந்தக்கால் ஊன்றுவோம் என்கிறார்.

பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. உன் பெயரை மேலே போடச் சொல்லியிருக்கிறேன். நீ வராவிட்டால் செண்பகத்துக்கு யார் நெற்றிப் பட்டம் கட்டுவது? அவள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மாமா வருவாரா என்று தினம் கேட்கிறாள். பேரை அடித்துவிட்டு ஆள் வரவில்லையென்றால் ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

நீயும் பூங்கோதையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருசம் இருக்க வேண்டும். சுருளி வேலப்பர் துணையிருப்பார். நாலு நாள் முன்னதாகவே எல்லோரும் கிளம்பி வாருங்கள். அன்றைக்கு “அதனால” என்கிற இடத்தில் உன்னை நிறுத்திவிட்டேன். வந்து அந்த வார்த்தையிலிருந்து ஆரம்பி தம்பி. நீ சொல்லி முடிக்கிறவரைக்கும் அக்கா வாயைத் திறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அக்கா,
சுருளியம்மாள்.