உன் அப்பாவின் சிவப்புப் பெயிண்டும் நம் தெரு வெள்ளமும்

என் செல்ல மகளுக்கு,

நானும் உன் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் என்று படுக்காமல் நடமாடிக்கொண்டு இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ மூன்று கேள்வி கேட்பாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். இது குறுக்கே பேசாமல் கேட்க வேண்டிய சங்கதி, அதனால் தைக்க வேண்டிய துணியையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தையல் மெஷின் மேலேயே காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் உடம்பு சரியில்லை என்று பயப்படாதே, சந்தோஷத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் உன்மேல் உள்ள கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறேன். வீட்டைக் காலி செய்துவிட்டு உன்னோடு வந்து இருக்க அப்பா சம்மதித்துவிட்டார், நான் மட்டும்தான் முரண்டு பிடிக்கிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தொரு வருஷம் என்னோடு குப்பை கொட்டிய மனுஷன் எனக்குத் தெரியாமல் உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். கேட்டால், ஒழுகாத குழாயைப் போய்த் திருகிக்கொண்டு நின்றார். காரணம் நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. உனக்குப் பாதிக் கதைதான் தெரியும், மீதியை நான் சொல்கிறேன்.

கடலுக்குள் கரையை ஒட்டிப் போகிற பவளப்பாறை நம் தெருவுக்கு நேராக மட்டும் உடைந்து கிடக்கிறது, நீ பிறப்பதற்கு முன்னால் பெரிய படகுகள் போகட்டும் என்று உடைத்தார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் அலை நேரே வந்து நம் கூடத்தில் கட்டில் காலை நனைத்துவிட்டுப் போகிறது, பக்கத்துத் தெருக்காரர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். அதை அடைக்கத்தான் நாலு வருஷம் முன்னால் பவளக்கார மேடம் வந்தாள். தண்ணீருக்குள் மூழ்கி வேலை செய்கிறவள், வயது உன் வயதுதான், மேடம் என்று கூப்பிட்டால் அவளுக்கே சிரிப்பு வரும். கடலுக்கடியில் கல்லை அடுக்கி மேடு போட்டு, அதன்மேல் மணல் பூச்சு பூசிய இரும்புச் சட்டங்களை வைத்து, உடைந்து கிடக்கிற உயிருள்ள பவளக் கிளைகளை அதில் கட்டிவிட வேண்டும், அது பிடித்து வளர்ந்தால் அலை அங்கேயே உடைந்து பாதி பலம் போய்விடும் என்றாள். தெருவே திரண்டு போனோம். கடல் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கிளை கட்டினோம், நான் போட்ட முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை என்று எல்லோருக்கும் காட்டினாள். தையல்காரி முடிச்சு அல்லவா.

உன் அப்பா என்ன செய்தார் என்பதைத்தான் இத்தனை நாள் உனக்குச் சொல்லவில்லை. முதல் வருஷம் கடலில் இறக்க வேண்டிய நாற்பது சட்டத்தை அவர் பட்டறையில் வைத்திருந்தார்கள். படகு பெயிண்டருக்குத் துரு என்றால் ஆகாது என்று உனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் கேட்காமல், கடலுக்குப் போகிற இரும்புதானே என்று, படகின் அடிப்பாகத்துக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டை எடுத்து நாற்பதுக்கும் இரண்டு கோட்டு அடித்துவிட்டார். புதுச் சாமான் மாதிரி மின்னியது, மேடம் ஊரில் இல்லாததால் மற்றவர்களும் பாராட்டிக் கடலில் இறக்கிவிட்டார்கள். சிப்பியும் பாசியும் ஒட்டாமல் விஷத்தைக் கக்கிக்கொண்டே இருப்பதுதான் அந்தப் பெயிண்டின் வேலை. மூன்றே வாரத்தில் அதில் கட்டிய கிளையெல்லாம் வெளுத்துச் செத்துப்போனது. மேடம் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. சட்டங்களை வெளியே எடுத்துப் போட்ட அன்று கரையை விட்டு வந்தவர், மூன்று வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நான்தான் விடாமல் போய்ப் புதுச் சட்டங்களில் கிளை கட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் நகராட்சிப் பொறியாளர் அம்மா வந்து, மழைக்காலம் முடிவதற்குள் ஒரு தடவை தண்ணீர் வாசற்படியைத் தாண்டினாலும் நம் வரிசையில் பத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அப்பா உனக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறார். தன்னால் ஒரு வருஷ வேலை வீணானது, அதனால்தான் பத்து வீடும் போகப்போகிறது என்று உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறார். நானும் உன்னிடம் வீராப்பாகப் பேசிவிட்டு இரண்டு பெட்டியில் துணி அடுக்கி வைத்திருந்தேன்.

போன வியாழக்கிழமை காலையில் வந்தது பார். கடல் பொங்கி ஏறுகிற பெரிய ஓதமும் புயல் காற்றும் ஒரே நேரத்தில். பொறியாளர் அம்மா அளவுக்கோலோடு நம் வாசலில் நின்றார், நாங்கள் கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைத்துவிட்டு மாடி வீட்டு அக்காவின் ஜன்னலில் இருந்து பார்த்தோம். தூரத்தில் சுவர் மாதிரி எழும்பி வந்த அலை, நம் பவள மேட்டுக்கு மேலே வந்ததும் தடுக்கி விழுந்த மாதிரி கவிழ்ந்து ஒரே நுரையாகப் போனது. அடுத்ததும் அப்படியே. அதற்கு அடுத்ததும் அப்படியே. தெருவுக்குள் தண்ணீர் வராமல் இல்லை, வந்தது, நம் முதல் படியை நக்கியது, இரண்டாவது படியில் ஏறியது, வாசற்படியான மூன்றாவது படிக்கு வராமல் அங்கேயே நின்றுவிட்டது. மத்தியானம் வரைக்கும் பார்த்தோம், பிறகு வடிய ஆரம்பித்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். போன வருஷத்தை விடக் காற்று அதிகம், தண்ணீர் பாதி என்று பொறியாளர் அம்மா எழுதிக்கொண்டார், இந்த வருஷம் காலி செய்கிற பட்டியலில் நம் வரிசை இல்லை. ரொம்ப ஆடாதீர்கள், இப்போது தாங்கியதில் கல்லுக்குத்தான் பெரிய பங்கு, பவளம் இன்னும் வளர வேண்டும், கடல் சூடானால் அதுவும் வெளுக்கும் என்று மேடம் எச்சரித்தாள். நாங்கள் கொஞ்சம் ஆடத்தான் செய்தோம்.

கடல் அடங்கிய பிறகு நேற்றுக் காலையில் மேடம் நேராக அப்பாவிடம் வந்து, சேதம் பார்க்கக் கூட ஆள் வேண்டும், வாருங்கள் என்று தண்ணீருக்குள் பார்க்கிற கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். அவர் என்னைப் பார்த்தார், நான் வேண்டுமென்றே துணியை மடித்துக்கொண்டு நின்றேன். போனார். திரும்பி வந்து ஈரத்தோடு சமையலறையில் நின்றார், கண் இரண்டும் சிவந்திருந்தது, உப்புத் தண்ணீர் என்றார். ஒரு சட்டத்தில் இரும்பே தெரியவில்லையாம், கை அகலத்துக்குப் பவளம் மூடிவிட்டதாம், உள்ளே குட்டி மீன்கள் குடித்தனம் நடத்துகிறதாம். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எதுவும் ஒட்டக்கூடாதுன்னே முப்பத்தஞ்சு வருஷம் பெயிண்ட் அடிச்சேன். இது நான் செஞ்ச கெடுதலையும் தாண்டி ஒட்டிக்கிச்சு. அவகிட்ட கொடுத்த வாக்கு வாபஸ்னு எழுது. இது இன்னும் சின்னது, விட்டுட்டு எப்படி வர்றது."

ஆக நாங்கள் வரவில்லை கண்ணு. எங்களுக்காக ஒதுக்கி வைத்த அறையில் மாப்பிள்ளை தன் புத்தகங்களைப் பரப்பிக்கொள்ளட்டும், அவருக்கு என் மேல் வருத்தம் வேண்டாம். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை, தண்ணீர் படியைத் தாண்டுகிற நாள் வந்தால் நானே முதலில் பெட்டியைத் தூக்குவேன், இது சத்தியம். நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி அண்டாமல், மனசு நிறைய, பல்லாண்டு வாழ வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. இன்னொன்று, மறந்துவிடாதே: அங்கே வீட்டுப் பக்கத்தில் நீச்சல் குளம் இருக்கிறது என்றாயே, நாளைக்கே போய்ச் சேர். கடலோரத்தில் பிறந்துவிட்டு நீந்தத் தெரியாது என்று இனிச் சொல்லாதே. விடுமுறைக்கு நீ வரும்போது அப்பா உனக்குக் காட்ட வேண்டியது தண்ணீருக்குள் இருக்கிறது.

உன் வரவுக்கு நாள் எண்ணும்,
அம்மா