கொய்யா மரத்து வெள்ளைப் புழுக்களைக் கொல்ல வேண்டாம்

அனுப்புநர்:
கொய்யாத் தோட்டக்காரி,
நீரேற்று நிலையத்தின் பின்தெரு.

பெறுநர்:
பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
வட்டார வேளாண் அலுவலகம்.

பொருள்: வரும் திங்கட்கிழமை என் தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிக்கும் உத்தரவை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மரங்களில் செதில்பூச்சி அப்பிக்கிடந்தபோது, தங்கள் ஆய்வகம்தான் அதைத் தின்னும் பொறிவண்டுகளைக் கொடுத்து உதவியது. அந்த நன்றியை மறக்கவில்லை. இப்போது அதே வண்டுகளைத் தங்கள் ஆட்களிடமிருந்து காப்பாற்றவே இம்மனு.

ஆய்வகத்தில் அவை பூசணிக்காய் மேல் வளர்த்த மாவுப்பூச்சியைத் தின்று வளர்ந்தவை. என் மரத்திலோ இலையோடு இலையாக ஒட்டிக்கிடக்கும் செதில்பூச்சி. விருந்துக்கு வந்தும் கை நனைக்காமல் போகும் சம்பந்தி போல, முக்கால்வாசி வண்டுகள் பறந்துவிட்டன. எஞ்சியவை முட்டையிட்டன. அதில் பிறந்த புழுக்களுக்கு முதல் வாயிலிருந்தே செதில்பூச்சிதான் தீனி. வளர்ச்சி மெதுவாகத்தான் இருந்தது, உடலும் சற்றுச் சிறுத்திருந்தது. ஆனாலும் தலைமுறைக்குத் தலைமுறை தேறி, இன்று வெளுத்துக்கட்டுகின்றன. கிணற்றோர மரங்களில் தளிர் சுத்தமாக இருக்கிறது.

போன வாரம் வந்த கள ஆய்வாளர், கிளைகளில் பஞ்சு போல் ஊர்ந்தவற்றைக் கண்டு, "மாவுப்பூச்சியும் சேர்ந்துகிச்சும்மா, மருந்தடிச்சே ஆகணும்" என்றார். ஐயா, அவை மாவுப்பூச்சி அல்ல, பொறிவண்டின் புழுக்கள். என் நாத்தனாரும் முதலில் அவற்றைத் துணியால் துடைக்கத்தான் போனாள். வண்டு கொடுத்த ஆய்வகத்து அம்மையார்தான் எங்களுக்கு விளக்கினார்: செதில்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்குமாம். இந்தப் புழு மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு அந்தக் காவலுக்குள் புகுந்துவிடுமாம். எறும்பு ஏமாறலாம், அலுவலகம் ஏமாறலாமா? கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்தருள்க.

"அடிச்சுட்டு வேற வண்டு தர்றோம்" என்றும் அந்தக் கள ஆய்வாளர் சொன்னார். புதிய வண்டுகள் மறுபடி முதலிலிருந்து முகத்தைத் திருப்பும். அவை இந்தத் தீனிக்குப் பழகும்வரை என் மரங்கள் தாங்காது. எனக்கும் என் மகள்களுக்கும் இத்தோட்டத்தை விட்டால் வேறு பிழைப்பில்லை.

ஆகவே, உத்தரவை நிறுத்தி, ஆய்வகத்து அம்மையாரைப் பூதக்கண்ணாடியுடன் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். அவர் பார்த்துவிட்டு மருந்தடிக்கச் சொன்னால், கலக்கத் தண்ணீர் நானே இறைத்துத் தருகிறேன். அவர் வராமல் மருந்து வண்டி மட்டும் வந்தால், தோட்டத்துக் கதவைத் திறக்க மாட்டேன். அதற்கு என்ன தண்டனை என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்தால், அதற்கும் தயாராக இருப்பேன்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: தோட்டத்து மோட்டார் அறை

இப்படிக்கு,
கதவுக்கு உள்பக்கம் நிற்கப்போகும்
கொய்யாத் தோட்டக்காரி
(கையொப்பம்)