நான்காம் பாகத்தில் உன் அப்பா விழக் கூடாது

என் மகன் ஆ-யினுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை, அது எனக்கும் தெரியும், ஆனால் நீ செய்து வைத்திருக்கிற காரியத்துக்குப் பிறகு அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. நீயும் மருமகளும் வான்கூவரில் சுகமா என்று மட்டும் கேட்டுவைக்கிறேன், பெற்ற கடமைக்கு. இங்கே மழை விட்டபாடில்லை, சுவரெல்லாம் வியர்க்கிறது, என் இடது தோள் மறுபடி பிடித்துக்கொண்டு கை காதுக்கு மேலே வர மாட்டேன் என்கிறது, தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே மருந்துக்கடை மாதிரி நாறுகிறது. கீழ்வீட்டு லாவ் அம்மாள் தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டாள், பையன் டிராம் ஓட்டுகிறானாம், அவள் என்னவோ கப்பல் ஓட்டுகிறவன் மாதிரி பேசிக்கொள்கிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "அம்மா, அப்பாகிட்ட குடு" என்கிறாய், பிறகு அப்பனும் மகனும் யார் எந்த மாடியிலிருந்து எப்படி விழுந்தான் என்று ஒரு மணி நேரம் பேசுகிறீர்கள். எனக்கோ உன் அப்பா காதில் விழாமல் உனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. இந்த வீட்டில் அவர் காதுக்கு எட்டாத மூலை கிடையாது, அதனால்தான் தபால்.

போன வாரம் 'மீன்சந்தைச் சிங்கம்' நான்காம் பாகத்துக்குப் படப்பூஜை போட்டார்கள். எனக்குப் போக இஷ்டமில்லை, உன் அப்பாவுக்குக் குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது, நான்தான் கட்டிவிட வேண்டும், அதனால் கூடவே போனேன். காமிரா மேல் சிவப்புத் துணி, முழுசாகச் சுட்ட பன்றி, ஆளுக்கு மூன்று ஊதுபத்தி, எல்லாம் வழக்கம்போலத்தான். பன்றியை வெட்டச் சொல்லி உன் அப்பா கையில் கத்தியைக் கொடுத்துவிட்டு, தயாரிப்பாளர் மொக் மைக்கைப் பிடித்தான். உலகம் பூராவும் ரசிகர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள், அதனால்தான் இந்தப் பாகமே வருகிறது என்றான். உன் அப்பா போடுகிற அந்த வில்லன், ஒற்றைக் காதன், வந்தே ஆக வேண்டுமாம், அவன் மாடியிலிருந்து விழ வேண்டுமாம், அதே ஆள்தான் விழ வேண்டுமாம், டூப்பு கூடாது, கம்பி கூடாது, கணினிப் பித்தலாட்டம் கூடாது, ஏமாற்றினால் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்களாம். யாரடா இந்தப் பாவி என்று நான் மனதுக்குள் வைதுகொண்டிருக்கும்போதே அவன், "இத எழுதினது யார் தெரியுமா? நம்ம ஃபாய் அண்ணனோட சொந்தப் பிள்ளை!" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். உன் அப்பா கத்தியோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கத்தியைப் பிடுங்கி மொக்கின் வயிற்றில் செருகலாமா என்றிருந்தது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் உன் முதுகிலும் இரண்டு வைத்திருப்பேன்.

இந்தத் தடவை ஆறாம் மாடியடா. முதல் பாகத்தில் முதல் மாடி, இரண்டாம் பாகத்தில் மூன்றாம் மாடி, மூன்றாம் பாகத்தில் ஐந்தாம் மாடி. இந்தப் பாகம் பாகமாக எடுக்கிற படங்களின் சூட்சுமமே அவ்வளவுதான், பழைய சோற்றையே சூடு பண்ணிப் போட வேண்டும், ஆனால் மாடி மட்டும் ஏறிக்கொண்டே போக வேண்டும். முதலில் ஒற்றைக் காதன், அவன் செத்ததும் அவன் தம்பி, அவனும் செத்ததும் அவன் சித்தப்பா மகன், எல்லாம் உன் அப்பாதான், மூன்று பேருக்கும் அதே பக்கத்துக் காது இல்லை, என்ன வம்சமோ தெரியவில்லை. இதை ஒருத்தனும் கேட்க மாட்டான். விழுகிறவன் பல்லைக் கடித்தானா, உடைகிற கண்ணாடி நிஜமா, சர்க்கரையில் வார்த்த போலியா என்று மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். படம் முடிந்த பிறகு அடிபட்டதையெல்லாம் கோர்த்துப் போடுவார்களே, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போவதை, அதைப் பார்க்காமல் உன் கூட்டத்தில் ஒருத்தன் எழுந்து போயிருப்பானா? பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். உனக்கு ஏன் இந்தப் பைத்தியம் பிடித்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் பாகத்தில் அப்பா செத்ததைப் பார்த்து மொங்கொக் தியேட்டரே அதிரும்படி நீ அலறினாய், அவர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து உன் வாயில் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார். செத்தவர் எழுந்து வந்துவிடுவார் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டாய், அந்த ருசி இன்னும் உன்னை விடவில்லை.

உன் ரசிகர் கூட்டத்திலிருந்து நீ அனுப்பிய இரண்டு பேர் வந்திருந்தார்களே, ஒருவன் டொராண்டோ, ஒருவன் ஜெர்மனி, அந்தக் கூத்தையும் கேள். நம் பாஷை தெரியும் என்றாயே, படத்தில் வில்லன் பேசுகிற பாஷைதான் தெரிகிறது. கதவைத் திறந்ததும் ஜெர்மனிக்காரன் என்னைப் பார்த்துக் கையைக் கூப்பி, "கிழட்டு நாயே, உன் ஆட்டம் முடிஞ்சுது" என்றான், வணக்கம் என்று நினைத்துக்கொண்டு. உன் அப்பாவைச் சட்டையைத் தூக்கச் சொல்லித் தழும்பைத் தொட்டுப் பார்த்தார்கள். நான் டீ ஊற்றினேன், கோழிக்கால் வைத்தேன், என் பக்கம் ஒருத்தன் திரும்பவில்லை. டொராண்டோக்காரன் எழுந்து நின்று மூன்றாம் பாகத்து விழுதலை நடித்தே காட்டினான். நான்காம் மாடிச் சுவரில் நீட்டியிருக்கிற துணிப் பந்தலில் மோதுகிறபோது இடது தோளை உள்ளே மடக்குகிறாராம், பறவை சிறகை மடக்குகிற மாதிரியாம், உலகத்தில் வேறு எவனுக்கும் அது வராதாம், அந்தத் தோளுக்காகவே உங்கள் கூட்டம் சேர்ந்ததாம். உன் அப்பா தட்டில் இருந்த கோழிக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அடக்கமானவர் என்று அவர்கள் அதற்கும் உருகினார்கள்.

அன்றிலிருந்துதான் அவருக்குப் பேய் பிடித்தது. விடியற்காலையில் மொட்டை மாடிக்குப் போய்ப் பழைய மெத்தையைப் போட்டு உருளுகிறார். இடுப்பில் இரும்பு வைத்திருக்கிற மனுஷன், டிராம் படியில் ஏறவே என் தோளைப் பிடித்துக்கொள்கிறவர், அந்தத் தோளும் விளங்காத தோள். ஸ்டண்ட் மாஸ்டர் தொங் தானாகவே என்னைத் தேடி வந்தார். "அண்ணி, ஃபாய் உயரத்துக்கே ஒரு பையன ரெடி பண்ணி வெச்சிருக்கேன், மூஞ்சிய மட்டும் இவரு காட்டினாப் போதும், கேக்க மாட்டேங்கிறாரு. இந்த வயசுல அந்த இடுப்போட விழுந்தா எழுந்திருக்க மாட்டாரு. கீழ விழற எடத்துல அட்டைப்பெட்டிய எத்தன அடுக்கு போட்டாலும் சரி, என்னால பொறுப்பு ஏத்துக்க முடியாது" என்று அழாத குறையாகச் சொன்னார். உன் அப்பாவிடம் சண்டை பிடித்துப் பார்த்தேன், சோறு போடாமல் இருந்து பார்த்தேன். "டூப்பு போட்டா என் பிள்ள கண்டுபிடிச்சிருவான், இந்தத் தடவ நானே விழணும்" என்று ஒரே பாட்டு. இந்தத் தடவை என்றாரே, அது உனக்குப் புரியாது. எனக்குப் புரிந்தது. இப்போது செத்தவர்கள் ஊருக்குள் உலவுகிற பேய் மாதம், சாகிற காட்சியை எவனும் எடுக்கத் துணிய மாட்டான், அதனால் மட்டுமே இன்னும் தரையில் நிற்கிறார். பேய் மாதம் முடிந்ததும் எடுக்கப் போகிறார்கள். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும்.

இனிமேல் நிதானமாகப் படி. படத்தில் செத்தவனுக்குத் தோஷம் கழிய சிவப்பு உறையில் காசு கொடுப்பார்கள், அந்தக் காசு வாசற்படி தாண்டக் கூடாது, வாங்கினவனே வழியில் செலவழித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும், இது உனக்கும் தெரிந்ததுதான். உன் அப்பா ஒவ்வொரு தடவையும் சுட்ட வாத்து வாங்கி வந்தார், காலைப் பிய்த்து நீ தின்பாய், உன் அப்பா செத்த காசை நீ சப்புக்கொட்டித் தின்றாய். மூன்றாம் பாகத்தின்போது வாத்தை யார் கொண்டுவந்தது என்று யோசி. நான் கொண்டுவந்தேன். இடது கையைத் துண்டில் தொங்கப்போட்டுக்கொண்டு வலது கையில் வாத்தோடு வந்தேன், அப்பா எங்கே என்று கேட்டாய், வெளியூர் ஷூட்டிங் என்றேன், கையில் என்ன என்று கேட்டாய், சந்தையில் மீன்தண்ணீர் வழுக்கிவிட்டது என்றேன். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். முந்தின நாள் ஒத்திகையில், மாடியும் இல்லை மண்ணும் இல்லை, சாதாரண மேஜையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். படம் பிடிக்கிற கட்டடத்தை அடுத்த நாள் இடிக்கப் போகிறார்கள், அந்த ஒரு நாள்தான் கொடுத்திருந்தார்கள். தொங் ஆட்களில் எல்லோரும் மாடு மாதிரி இருந்தார்கள், உன் அப்பா உயரத்துக்கு, உன் அப்பா ஒல்லிக்கு, ஒரே ஒரு ஆள்தான் இருந்தது. நான் தையல் பிரிவில் வேலை பார்த்தேன் என்றுதான் உனக்குச் சொல்லி வைத்திருந்தோம், உன்னைப் பெற்றவள் மாடியிலிருந்து குதித்தவள் என்று உன் பள்ளிக்கூடத்தில் பேச வேண்டாமே என்று. ஊசியில் நூல் கோர்க்கக்கூட எனக்கு ஒழுங்காக வராது, உன் சட்டைப் பொத்தானை எப்போதாவது நான் தைத்துப் பார்த்திருக்கிறாயா? கூத்துப் பள்ளியில் ஏழு வயதிலிருந்து குட்டிக்கரணம் போட்டு வளர்ந்தவள் நான். நீ பிறக்கும் வரை, இந்த ஊரில் முக்கால்வாசிக் கதாநாயகிகளின் முதுகு என் முதுகுதான்.

தலைமுடி தெரியாமல் ரப்பர் தொப்பியை மாட்டி, ஒரு காதை மறைத்து, ஐந்தாம் மாடியில் என்னைத்தான் நிறுத்தினார்கள். நான்காம் மாடிப் பந்தலில் கம்பி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது, காலையில் நான் ஒத்திகை பார்த்தபோது அது இல்லை, அதைப் பார்த்ததும் கழுத்தில் குத்தாமலிருக்கத் தோளை மடக்கினேன். அது கலையுமில்லை, பறவையுமில்லை, பயம். தோள் கழன்றது. நீங்கள் சுவரில் மாட்டி வைத்துப் பூஜை பண்ணுகிற தோள் இதுதான், இதற்குத்தான் இப்போது தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அப்பா தோளை மடக்கினால் வலது தோளைத்தான் மடக்குவார். முதல் இரண்டு பாகத்தையும் போட்டுப் பார், பெரிய மேதாவி, ஒரே பார்வையில் கண்டுபிடிக்கிறவன். பெற்ற தாயைக் கண்டுபிடிக்க உனக்கு இத்தனை வருஷம் போதவில்லை.

நான் இதைச் சொல்லாமலே கண்ணை மூடியிருப்பேன். படம் வந்ததும் நீ அவர் காலைக் கட்டிக்கொண்டு குதித்தாய், அன்றைக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, நானும் போகட்டும் என்று விட்டேன், எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் அன்றைக்கு வாங்கிய கைதட்டலுக்கு ஈடாக அவர் இப்போது நிஜமாகவே ஆறாம் மாடியிலிருந்து விழப் பார்க்கிறார். அந்தச் சிவப்பு உறையை இந்தத் தடவை வழியில் செலவழிக்காமல், திரும்பி வந்து உன் பெயருக்கு அனுப்புவாராம். திரும்பி வந்தால்தானே. கடிதம் கிடைத்த அன்றே போன் செய். என்னைக் கேட்காதே, அவரிடமே பேசு. மூன்றாம் பாகத்தில் விழுந்தது அம்மா என்று எனக்குத் தெரியும், நீங்கள் விழுந்து எனக்கு ஒன்றும் காட்ட வேண்டாம், தொங்கின் பையன் விழட்டும் என்று சொல். அவர் அழுவார், அழட்டும், நீ போனை வைத்துவிடாதே. பிறகு உன் கூட்டத்துக்கும் எழுது, உண்மையைச் சொல்வாயோ பொய் சொல்வாயோ அது உன் சாமர்த்தியம், ஆனால் அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கு. வாங்காவிட்டால் நானே மொக்கிடம் போய், மூன்றாம் பாகத்து ஆள்தானே வேண்டும், இதோ வந்திருக்கிறேன், ஆறாம் மாடியைக் காட்டு என்று நிற்பேன். செய்வேனா மாட்டேனா என்று உன் அப்பாவைக் கேட்டுக்கொள்.

க்வான் தை சாமி உன்னையும் மருமகளையும் காப்பாற்றட்டும், கோபத்தில் சாபம் ஏதும் விட்டிருந்தால் அது மொக்குக்குச் சேரட்டும். குளிர் வருகிறது, காலுறை இரண்டாகப் போட்டுக்கொள். பேய் மாதம் முடிவதற்குள், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பாவுக்கு டூப்பு போட்ட
அம்மா