அஞ்சலிப் படம் சுருக்கப்படாது

நிருபர் குறிப்பேடு: தென்முனைச் செய்தி
எழுதுபவர்: பிலோமினா, முதுநிலை நிருபர்
இடம்: நிலவின் தென்முனை, ஆறாம் பனிச் சுரங்கம், பம்பு அறை

பதிவு 1. செவ்வாய், 10:20

உறுதியான கடைசித் தகவல்: ஆறாம் சுரங்கத்தின் மூன்றாவது பம்பு இன்று காலை 09:05-க்கு ஓடத் தொடங்கியது. ஆதாரம்: பம்பு மெக்கானிக் இசக்கியப்பன், வயது 41, சொந்த ஊர் வள்ளியூர். அழுத்தமானியை நானும் பார்த்தேன்.

பம்பின் மேல் கை வைத்து அவர் நிற்கும் படம் ஒன்றை அலுவலகத்துக்கு அனுப்பினேன். கேமரா எடுத்தது எட்டாயிரம் பிக்சல் அகலம். என் கள இயந்திரத்தில் உள்ள பதிப்பு மென்பொருள் முகத்தைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றி வெட்டி, 640 பிக்சலாகச் சுருக்கி அனுப்பியது. பம்பு போய்விட்டது. கையும் போய்விட்டது.

"என்னக்கா இது, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி இருக்கு" என்றார்.

ஆள் இல்லாத படத்தை வாசகர் பார்ப்பதில்லை என்பது எங்கள் ஆசிரியர் குழுவின் பழைய விதி. அதை மென்பொருளுக்கும் கற்றுக் கொடுத்துவிட்டார்கள்.

பதிவு 2. செவ்வாய், 11:50

10:47-க்கு நிலநடுக்கம். ஏறக்குறைய நாற்பது விநாடி. அழுத்தக் கதவு தானாக மூடியது. அதன் சட்டம் கோணியதால் திறக்கவில்லை. ஆதாரம்: நாங்கள் இருவரும் இழுத்துப் பார்த்தோம்.

அறை ஆறு மீட்டருக்கு நான்கு. உள்ளே இசக்கியப்பனும் நானும். அவருடைய குழுவில் மற்ற நால்வர் தேநீருக்குப் போயிருந்தார்கள். வெளியே பத்திரமாக இருக்கிறார்கள். காற்று இருவருக்கு வெள்ளிக்கிழமை 20:00 வரை. குரல் இணைப்பு இல்லை. சுரங்க வாயிலில் நான் நட்டு வைத்த சிறு ஆன்டெனா மட்டும் நிற்கிறது. அதன் கம்பி கதவுச் சட்டத்தின் துளை வழியாக என் கள இயந்திரத்துக்கு வருகிறது. அதில் பதிப்பு மென்பொருளைத் தவிர வேறு எதுவும் போகாது.

நான் செய்தி வரைவாக எழுதுகிறேன். அலுவலகத்தில் உதவி ஆசிரியர் தமயந்தி, திருத்தக் குறிப்பு எழுதும் கட்டத்தில் பதில் எழுதுகிறாள். வந்த முதல் குறிப்பு:

"அக்கா உசுரோட இருக்கீங்கல்ல? இந்தக் கட்டத்துல 120 எழுத்துக்கு மேல அடிக்க விட மாட்டேங்குது. துண்டு துண்டா வரும், கோவிச்சுக்காதீங்க."

பதிவு 3. செவ்வாய், 15:10

மீட்புப் பொறியாளர் ரெங்கநாயகத்தின் முடிவு, தமயந்தி வழியாக: வியாழன் 14:00-க்கு வெளியிலிருந்து ஜாக்கி வைத்துக் கதவைத் தூக்குவார்கள். ஜாக்கியும் துளைக் கருவியும் ஒரே வண்டியில் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகும்.

இசக்கியப்பன் இதைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். கதவுக்கு மேலே, சட்டத்தைப் பாறையோடு பிணைக்கும் போல்ட்டுகள் வரிசையாக உள்ளன. முதல் போல்ட்டிலிருந்து ஒரு வெடிப்பு, நூல் கனத்தில், இரண்டாவதைத் தாண்டி மூன்றாவதை நோக்கி ஓடுகிறது. நீளம் 1 மீட்டர் 70 சென்டிமீட்டர். என் டேப்பால் அளந்தேன்.

"இது பாறை வெடிப்பு. கதவத் தூக்குனாவன்னா கூரை நம்ம ரெண்டு பேரு தலையிலயும் வந்து உக்காரும். மேலருந்து துளை போடச் சொல்லுங்கக்கா."

சொன்னேன். மேலிருந்து துளையிட 26 மணி நேரம் ஆகும். வியாழன் 14:00-க்குத் தொடங்கினால் வெள்ளி 16:00-க்கு முடியும். காற்று அதற்கு மேலும் நான்கு மணி நேரம் இருக்கும். பொறியாளரின் பதில் மூன்று துண்டாக வந்தது:

"பாறைக்கு மேல பூச்சு இருக்கு. நடுக்கம்னா பூச்சு வெடிக்கத்தான் செய்யும்."

"சும்மா சொல்றதை நம்பி துளை போட முடியாது. கருவி நடுவுல சிக்கிக்கிட்டா காத்தும் தீந்துடும்."

"படம் அனுப்பச் சொல்லுங்க. வெடிப்போட ஓரத்துல பாறை மணி, அதான் கருப்புத் துகள், தெரிஞ்சா நான் ஒத்துக்கிறேன்."

பதிவு 4. செவ்வாய், 18:30

கள இயந்திரம் ஒரு நாளைக்கு ஆறு செய்திப் படங்களைத்தான் ஏற்கும். ஆறும் தீர்ந்தன. கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று காலையில் போன பம்புப் படம். அடுத்த மூன்றும் என் தவறு. அளவு தெரியட்டும் என்று இசக்கியப்பனை வெடிப்புக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். முப்பத்தொரு வருடப் பழக்கம், கை தானாக ஆளைத் தேடுகிறது. தமயந்தியின் குறிப்பு: "இசக்கி அண்ணன் மூஞ்சி நல்லா தெரியுது. வெடிப்பு எங்கக்கா?"

ஐந்தாவது, ஆள் இல்லாமல். ஆளில்லாத படத்தை மென்பொருள் 150 பிக்சலாக்கி அனுப்புகிறது. ரெங்கநாயகம் கேட்டது: "இது என்ன, ஒட்டடையா?"

ஆறாவது மிக நெருங்கி எடுத்த துண்டு. அதில் போல்ட் இல்லாததால் வெடிப்பின் எந்த இடம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. வெடிப்பும் மூன்று போல்ட்டும் ஒரே படத்தில் வேண்டும் என்கிறார் பொறியாளர்.

படங்களின் அளவுப் பட்டியலைத் தமயந்தி அலுவலகத்தில் மாற்றிவிட்டாள். என் இயந்திரம் புதிய பட்டியலை எடுத்துக்கொள்வது ஞாயிற்றுக்கிழமை. வாரம் ஒருமுறைதான்.

பதிவு 5. புதன், 08:40

இன்றைய ஆறில் ஒன்று போனது. வீண் என்று சொல்ல மாட்டேன்.

இசக்கியப்பனின் யோசனை. கிரீஸைத் தொட்டுப் பூச்சின் மேல் ஒரு பெரிய முகம் வரைந்தார். முதல் போல்ட் ஒரு கண், மூன்றாவது போல்ட் இன்னொரு கண், இரண்டாவது போல்ட் மூக்கின் மேல் முனை. வெடிப்பு கண்களுக்கு இடையே போகிறது. முகம் முடிந்த பிறகும் விடவில்லை.

"மீசை வேண்டாமா? அப்பதான ஆளுன்னு மதிக்கும்."

மென்பொருள் மதித்தது. முகத்தைச் சுற்றி அழகாக வெட்டி, 640 பிக்சலில் அனுப்பியது. படக்குறிப்பில் "பெயர் தெரியாத நபர்" என்று அதுவே எழுதிக்கொண்டது. நேற்றுக் காலைக்குப் பிறகு இப்போதுதான் இருவரும் சிரித்தோம்.

ரெங்கநாயகம்: "வெடிப்பு தெரியுது. ஆனா பூச்சா பாறையான்னு இந்த அளவுல சொல்ல முடியாது. மூலப் படம் வேணும். இல்லன்னா நாளைக்கு ஜாக்கிதான்."

பதிவு 6. புதன், 11:15

அளவுப் பட்டியல் என் இயந்திரத்தில் இருக்கிறது. திருத்த முடியாது, படிக்கலாம். முகப்பு, செய்தி, சிறப்புப் பக்கம், விளம்பரம், வாசகர் படம். ஆறாவது வரி: "அஞ்சலி. வெட்டப்படாது. சுருக்கப்படாது."

அந்த வரி எனக்குப் புதிதல்ல. நான்தான் கேட்டு வாங்கினேன். பதினொரு வருடம் முன்பு இரண்டாம் சுரங்கத்தில் இறந்த ஒருவரின் மனைவிக்கு எங்கள் இதழில் வந்த படத்தைத் தவிர வேறு படம் இல்லை. பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். முகம் கட்டம் கட்டமாக இருந்தது. "இதுல அவரு கண்ணு எதும்மா?" என்று என்னைக் கேட்டார். அன்று மாலையே ஆசிரியர் குழுவோடு சண்டை போட்டேன். அஞ்சலி, செய்தி ஆசிரியர் மேசையின் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் நேராக வெளியாக வேண்டும் என்றும் கேட்டேன். கொடுத்தார்கள்.

அஞ்சலிக்கு மூன்று நிபந்தனைகள். படத்தில் இருக்கும் முகமும் பணியாளர் எண்ணும் பொருந்த வேண்டும். இறந்த தேதியை நிரப்ப வேண்டும். வருங்காலத் தேதி செல்லாது. வெளியானதும் குடியிருப்பின் இறப்புப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும்.

ஒருவரின் அஞ்சலிப் படத்தில் வெடிப்பும் விழுந்தால் முழு அளவில் போகும் என்று இசக்கியிடம் விளக்கினேன். யோசிக்கவே இல்லை. "எம் பேரப் போடுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து: "எம் பொண்டாட்டி வள்ளியூர்ல இந்தப் பேப்பரத் திறந்து வச்சி என் போட்டோ வந்திருக்கான்னுதான் பாத்துட்டு இருப்பா. அதான் கொஞ்சம் இதா இருக்கு."

என் பெயரைப் போடுவது என்று முடிவு. எனக்குத் தூத்துக்குடியில் ஒரு தங்கை. அவளுக்கு உடனே சொல்லிவிடும்படி தமயந்திக்கு எழுதினேன். பதில்: "வேண்டாங்க்கா! பதிவேட்டுல ஏறிட்டா எடுக்க நீங்க நேர்ல வந்து கையெழுத்து போடணும்!"

நேரில் வருவதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று எழுதினேன்.

பதிவு 7. புதன், 13:30

என் அஞ்சலியை நானே எழுதினேன். நாற்பது சொற்கள். பிறந்த ஊர், பணியில் சேர்ந்த ஆண்டு, குடும்பம். "காரணம்" என்ற கட்டத்தில் "சுரங்க விபத்து" என்று போட்டேன். இத்தனை வருடத்தில் இறக்காத ஒருவரை இறந்தார் என்று நான் எழுதியதில்லை. தேதி: இன்று.

படம் எடுத்தது இசக்கி. முதல் மூன்றில் அவர் விரல். நான்காவதில் வெடிப்பு முழுவதும், மூன்று போல்ட்டும், கீழே ஓரத்தில் என் முகமும் விழுந்தன. கேமரா திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். வெடிப்பின் ஓரத்தில் கருப்பாகப் பாறை மணிகள் தெரிகின்றன. இசக்கி சொன்னது சரி. ஆதாரம்: படம்.

எடுக்கும்போது நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

"அக்கா, சிரிக்காதீய. செத்தவுக சிரிப்பாவளா?"

"எல்லா அஞ்சலிப் படத்துலயும் சிரிச்சிக்கிட்டுதான்ல இருக்காவ."

"அது சாவுததுக்கு முன்னாடி எடுத்ததுல்லா."

"இதுவும் அப்படித்தான், எடு."

13:02-க்கு அனுப்பினேன். எழுத்து ஒரு நொடியில் போய்விட்டது. படம் பெரியது. இந்த இணைப்பின் வேகத்தில் 18:40 ஆகும். இப்போது எட்டு சதவீதம்

பதிவு 8. புதன், 14:20
*ஆசிரியருக்குக் கடிதம். அனுப்புநர்: வாசகர் இசக்கியப்பன். எழுத்து வரம்பு: 800*

பிலோமினா எழுதுகிறேன். 13:31-க்கு என் திரையில் வந்தது: "இந்தக் கணக்கின் உரிமையாளர் காலமானார். ஆழ்ந்த இரங்கல்." பிறகு கணக்கு பூட்டிக்கொண்டது. குறிப்பேடு, தமயந்தியின் குறிப்புகள், படத்தின் சதவீதம், எதுவும் தெரியவில்லை. ஒருவருடைய அஞ்சலியை ஒரு முறைதான் அனுப்ப முடியும். அதுவும் நிருபர் கணக்கில். இசக்கிக்கு இருப்பது வாசகர் கணக்கு. அதில் கடிதம் எழுதலாம், படம் இணைக்க முடியாது.

நான் இறந்த செய்தி போய்ச் சேர்ந்தது உறுதி. படம் போகிறதா என்பது உறுதியில்லை. கம்பியின் முனையில் பச்சை விளக்கு மினுங்குகிறது. அதற்கு என்ன பொருள் என்று இந்த அறையில் யாருக்கும் தெரியாது.

*உங்கள் கடிதம் கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது.*

பதிவு 9. வியாழன், 09:10
*ஆசிரியருக்குக் கடிதம்*

விளக்கு நேற்று 18:10-க்கு நின்றது. என் கணக்குப்படி படம் முடிய 18:40 ஆக வேண்டும். அரை மணி குறைகிறது. வேகம் கூடியிருக்கலாம். பாதியில் அறுந்திருக்கலாம். அறுந்தால் பாதிப் படம் போகுமா? மேல் பாதி போயிருந்தாலே போதும், வெடிப்பு மேலே இருக்கிறது, என் முகம்தான் கீழே. இசக்கி இதை மூன்று முறை சொல்லிவிட்டான். நானும் மூன்று முறை ஆமாம் என்றேன்.

வெடிப்பு 1 மீட்டர் 74. செவ்வாயன்று அளந்ததைவிட நான்கு சென்டிமீட்டர் அதிகம். கிரீஸ் முகம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதை அழிக்கச் சொன்னேன். "இருக்கட்டுக்கா, மூணாவது ஆளு" என்கிறான்.

*உங்கள் கடிதம் கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது.*

பதிவு 10. வியாழன், 13:46
*ஆசிரியருக்குக் கடிதம்*

திருத்தம்: முதுநிலை நிருபர் பிலோமினா புதன்கிழமை காலமானதாக இந்த இதழில் வெளியான அஞ்சலி தவறு. அதை எழுதியவர் அவரே. வருந்துகிறோம்.

தமயந்திக்கு: நான் வெளியே வந்ததும் மேலே உள்ளதைப் போடு. வராவிட்டால் திருத்தம் தேவையில்லை. தேதியை மட்டும் வியாழன் என்று மாற்று. இசக்கியப்பன் பெயரையும் சேர். அவன் படம் உன்னிடம் நான்கு இருக்கிறது, எல்லாம் 640. பம்போடு நிற்கும் மூலப் படம் என் கேமராவில். அதைப் போடு. வெட்டாதே.

நிலுவை: 14:00-க்கு வரும் சத்தம். கதவுப் பக்கம் என்றால் ஜாக்கி, படம் சேரவில்லை. கூரை என்றால் சேர்ந்துவிட்டது.

13:57. இசக்கி பெட்டி மேல் ஏறிக் கூரையில் காதை வைத்திருக்கிறான். நான் கதவில் வைத்திருக்கிறேன். "கேக்குதாக்கா?" என்கிறான். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவனுக்கும் இல்லை.

13:59. ஏதோ

*உங்கள் கடிதம் கிடைத்தது. பரிசீலனையில் உள்ளது. வாசகர் கடிதங்கள் பரிசீலிக்கப்படும் நேரம்: சனி, காலை 10:00.*