நோட்டு இல்லாத பட்டியல்

ஜூன் 3, செவ்வாய்
கோப்பு வாங்க நெஞ்சு வார்டுக்குப் போனேன். டியூட்டி மாறும் நேரம். காலை நர்ஸ், மதிய நர்ஸைப் படுக்கை படுக்கையாகக் கூட்டிப்போய் நோயாளிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தார். வயது, மருந்து, காய்ச்சல், கடைசியாக, "நாற்காலி ஃபாக்டரி, பெயின்ட் பிரிவு." அடுத்த படுக்கைக்கும் அதே. அதற்கடுத்ததற்கும்.

"வேலை விவரமெல்லாம் உங்களுக்கு எதுக்கு சிஸ்டர்?" என்று கேட்டேன், ஆபீஸ் கிளார்க் என்ற மிதப்பில். தலைமை நர்ஸ் (எங்கள் ஆபீசில் அவருக்குப் பெயர் 'கடிகாரம்', ஒரு நிமிஷம் பிந்தமாட்டார்) நிமிராமலே சொன்னார்: "நாங்க தேத்தி அனுப்பறோம். அவங்க அதே புகைக்குள்ள போறாங்க. எத்தனை தடவை சார் இதையே செய்யறது?"

என் தம்பியும் அந்தப் பிரிவில்தான் ஸ்பிரே அடிக்கிறான். ஆனால் அவனுடையது சிகரெட் இருமல். அவனே சொன்னான்.

ஜூன் 11
நர்ஸுகள் பெயின்ட் பிரிவு நோயாளிகளை நோட்டுப் போட்டுப் பட்டியல் எழுதி, தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனுவும் அனுப்பிவிட்டார்கள். பெரிய டாக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம். "அந்த நோட்டை வாங்கிப் பூட்டுங்க" என்றார். வாங்கினேன். பூட்டினேன். கடிகாரம் நோட்டை நீட்டிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

ஜூன் 14
தம்பி மாடிப்படியில் நின்று நின்று ஏறுகிறான். "வெயில்ண்ணா" என்கிறான்.

ஜூன் 20, வெள்ளி
நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஆய்வாளர் வந்தார். ஆதாரம் கேட்டார். "அப்படி எந்த நோட்டும் இங்க கிடையாதுங்க" என்றார் பெரிய டாக்டர். பீரோ சாவி என் சட்டைப்பையில். நான் வாயைத் திறக்கவில்லை — எழுதவே கூசுகிறது.

கடிகாரம் ஆறு நர்ஸுகளைக் கூட்டிவந்தார். "ஒண்ணாம் படுக்கை, வயசு முப்பத்தொண்ணு, பெயின்ட் பிரிவு, மூணாவது தடவையா வந்திருக்கார்..." பெயர் மட்டும் சொல்லவில்லை. ஒருவர் தடுமாறினால் அடுத்தவர் பிடித்துக்கொண்டார். நோட்டு போன நாளிலிருந்து ஒவ்வொரு டியூட்டி மாற்றத்திலும் மொத்தப் பட்டியலையும் வாயாலேயே ஒப்படைத்திருக்கிறார்கள்! நாற்பத்து மூன்று பேர். கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஆய்வாளர் எழுதி மாளாமல் விரலை உதறினார். அம்மாடி, என்ன மனுஷிங்க இவங்க!

நாற்பதாவது ஆள்: "வெளிநோயாளி. வயசு இருபத்தாறு. நாலு வருஷமா ஸ்பிரே வேலை. இருமினா ரத்தம்."

என் தம்பிக்கு இருபத்தாறு. நாலு வருஷம்.

சாவியை எடுத்து ஆய்வாளர் முன்னால் வைத்தேன்.

ஜூன் 21
தம்பியைக் கேட்டேன். "அண்ணனுக்குத் தெரிய வேணாம்னு நான்தான் சிஸ்டர்கிட்ட கெஞ்சினேன்" என்றான். தினமும் என் முகத்தில் விழித்தும் கடிகாரம் அவன் பேச்சை எடுக்கவில்லை. நோட்டைப் பிடுங்கிய அன்றுகூட. நான் ஒரு பக்கம் புரட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

ஜூலை 16, புதன்
பெயின்ட் பிரிவுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். புகையை வெளியேற்ற வழி செய்யும்வரை திறக்க முடியாது. தம்பி வார்டில் இருக்கிறான். ரத்தம் நின்றுவிட்டது.

இன்று கடிகாரத்துக்கு வேறொரு ஆஸ்பத்திரிக்கு இடமாற்ற உத்தரவு. நான்தான் டைப் அடித்தேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தார். மடித்துப் பையில் வைத்தார்.

"அந்த ஆஸ்பத்திரியைச் சுத்தி என்னென்ன ஃபாக்டரி இருக்கு சார்?"

"தெரியல சிஸ்டர். சாயங்காலத்துக்குள்ள விசாரிச்சு எழுதித் தர்றேன்."