மணி நின்ற பிறகு ஓடி வந்த உறுப்பினரும் மேற்கு வாசல் கதவும்

அனுப்புநர்
மேற்கு வாசல் காவலர் (பணியிடை நீக்கத்தில் உள்ளவர்),
ஊழியர் குடியிருப்பு, மூன்றாம் மாடி.

பெறுநர்
உயர்திரு செயலாளர் அவர்கள்,
நாடாளுமன்றச் செயலகம்.

பொருள்: குடியரசுத் தலைவரைப் பதவி நீக்கும் தீர்மானம் ஒரு வாக்கில் தோற்றதற்கு என்னைப் பொறுப்பாக்கியது – நடைக்கூடக் கேமராப் பதிவு அழியுமுன் பார்வையிடக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இருபத்தாறு ஆண்டுகளாக அவையின் மேற்கு வாசலைத் திறந்து சாத்துவது என் வேலை. வாக்கெடுப்புக்கு முன் ஐந்து நிமிடம் மணி அடிக்கும். நின்றதும் கதவைப் பூட்ட வேண்டும். முடிவு அறிவிக்கும்வரை யாருக்கும் திறக்கக் கூடாது. கடந்த மாதம் பதினொன்றாம் தேதியும் அப்படித்தான் பூட்டினேன். மணி அடிக்கும்போதே பூட்டிவிட்டதாக ஓர் உறுப்பினர் எழுதிக் கொடுக்க, அன்று மாலையே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். என்ன நடந்தது என்று என்னை யாரும் கேட்கவில்லை.

2. தீர்மானம் அந்தக் கதவுவரை வந்து சேரப் பட்ட பாட்டைத் தாங்கள் அறிவீர்கள். அறுபது கையெழுத்து வேண்டிய இடத்தில் அறுபத்து நான்கு பேர் போட்டார்கள். பதினான்கு நாள் முன்னறிவிப்பு. பிறகு விசாரணைக் குழு எட்டு மாதம் உட்கார்ந்தது. குடியரசுத் தலைவர் தரப்பு வழக்கறிஞர் பதினொரு முறை வாய்தா வாங்கினார். அந்த அறைக்குத் தண்ணீர் வைத்தவன் நான். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் இடையில் மந்திரியாகி, அது தன் கையெழுத்தே அல்ல என்றார்.

3. ஆதரவு நூற்று ஐம்பத்தொன்பது, எதிர்ப்பு முப்பத்தெட்டு. வேறு எந்தத் தீர்மானமானாலும் அமோக வெற்றி. இதற்கு மட்டும், வந்தவர்களில் அல்ல, மொத்த உறுப்பினர் இருநூற்று நாற்பது பேரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது நூற்று அறுபது பேர் ஆதரிக்க வேண்டும். ஆகவே தலைவரைக் காப்பாற்ற எதிர்த்து வாக்களிக்க வேண்டியதில்லை. வராமல் இருந்தாலே போதும். நாற்பத்து மூன்று பேர் உள்ளே வரவில்லை. அவர்களில் நாற்பத்திரண்டு பேரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மீதி ஒருவருக்காக நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

4. என்மீது எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். அவரை ஊழியர்கள் 'மாப்பிள்ளை' என்போம். எப்போதும் அலங்காரமாக, எல்லோருக்கும் கடைசியாக வருவார். அன்று அவர் தாமதமாக வரவில்லை. மணி அடித்த ஐந்து நிமிடமும் என் கதவுக்குப் பத்தடி தள்ளி, அறிவிப்புப் பலகை முன் நின்று, போன மாத உணவக நேரப் பட்டியலைப் படித்தார். இரண்டு முறை கை காட்டி அழைத்தேன். தலையாட்டினார். மணி நின்றது, சாவியைத் திருப்பினேன், உடனே ஓடி வந்தார். பத்திரிகையாளர்கள் காதில் விழும்படி, "தொறப்பா! நாட்டோட தலையெழுத்தே இந்தக் கதவுலதான் இருக்கு!" என்று கதவைத் தட்டினார். இப்போது இரண்டு தரப்பிலும் அவருக்கு நல்ல பெயர்.

5. திறந்திருக்கலாமே எனலாம். திறந்திருந்தால் வாக்கெடுப்பே செல்லாது என்று தலைவர் தரப்பினர் மறுநாளே நீதிமன்றம் போயிருப்பார்கள். இதைச் சொல்லவே எனக்கு வலிக்கிறது. தீர்மானத்தின் மூன்றாவது குற்றச்சாட்டு, ஊர்வலத்தின்மீது சுட உத்தரவிட்டது. அன்று இறந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் என் மனைவியின் தம்பி. அடிபட்டவர்களை ஏற்றப் போனவன். அந்த நூற்று அறுபதாவது வாக்கு விழ வேண்டும் என்று அந்தக் கட்டடத்தில் என்னைவிட ஆசைப்பட்டவர் யாருமில்லை ஐயா.

6. "என் தம்பிக்காக ஒரு நிமிஷம் அந்தச் சாவியைத் திருப்பாம இருந்திருக்கக் கூடாதா?" என்று என் மனைவி கேட்டாள். அதன்பின் அவள் என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

7. பதிவு முப்பது நாளில் தானாக அழிந்துவிடும் என்கிறார் கேமரா அறை ஊழியர். இன்று இருபத்தாறாம் நாள். அதே குற்றச்சாட்டை ஓராண்டுக்கு மீண்டும் கொண்டுவர இயலாது என்பது விதி. அதற்கு நம்மால் ஆவது ஒன்றுமில்லை. இந்தப் பதிவையாவது எடுத்து வைக்கக் கோருகிறேன். தவறு என்னுடையதென்றால் வேலையை விட்டே நீக்குங்கள். இல்லையென்றால் அதே கதவுக்கு என்னைத் திருப்பி அனுப்புங்கள்.

பதிவைப் போட்டுப் பார்க்கும் அன்று, என் மனைவிக்கும் ஒரு நாற்காலி போட உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். நான் வெளியே நிற்கிறேன்.

இடம்: என் வீடு
நாள்: 6ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
மேற்கு வாசல் காவலர்