தீர்ந்த வழக்குகளில் நீங்கள்

நானா,

இன்று காலை நீதிமன்றக் கந்தோர் முழுக்க ரோணியோ அச்சு மையின் நெடி. ஆண்டுக் குற்றப் புள்ளிவிவரம் அச்சாகிறது. விரலில் ஒட்டிய கறுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உங்களோடு கதைக்க வேண்டும்போல் இருந்தது.

இதே மேசையில் எதிரெதிரே இருந்துதான் வழக்குகளை எண்ணினோம். வந்தவை, தீர்ந்தவை, நிலுவை. நீங்கள் புதிதாக ஒரு கட்டம் கீறினீர்கள்: பிணை எடுக்க ஆளில்லாமல் மறியல் சிறையில் கிடப்பவர்கள். பெரிய கிளாக்கர் அதன்மேல் சிவப்பால் வெட்டினார்.

“கொழும்பு கேக்காததை ஏன் ஐசே எண்ணுறீர்?”

“மீன் சந்தையில அழுகின மீனுக்கும் ஒரு கூடை இருக்கு சேர்,” என்றீர்கள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

பிறகு அந்த ஊரடங்கு மாலை. வீட்டுக்குப் போக நீங்கள் ஏறிய மூதூர் லோஞ்ச் நடுக்கடலில் பழுதாகி, திருகோணமலைத் துறைக்கே இழுத்து வந்தார்கள். இறங்கியவர்களையெல்லாம் நேரம் கடந்ததென்று பொலிஸார் பிடித்தார்கள். ‘எஞ்சின் நிண்டதுக்கு நாங்க என்ன செய்ய?’ என்று கேட்டதற்காக உங்கள்மேல் மட்டும் இன்னொரு குற்றம் எழுதினார்கள். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். உங்களுக்குப் பிணை இல்லை, வழக்கு தவணைமேல் தவணையாகத் தள்ளிப்போனது.

மறியலில் பார்க்க வந்தேன். மூச்சிழுப்பு உங்களைப் பாதியாக்கியிருந்தது.

“என்னை எந்தக் கட்டத்துக்குள்ள போட்டிருக்கிறாய்?”

“நிலுவையில நானா.”

“ஓம், அதுக்குள்ளதான் மூச்சுவிட ஏலாது.”

அடுத்த தவணைக்கு நீங்கள் இல்லை. ஆள் இறந்தால் வழக்கு முடிந்தது. முடிந்தது என்றால் தீர்ந்தது. உங்களை நிலுவையிலிருந்து எடுத்துத் தீர்ந்தவற்றில் சேர்த்தவன் நான்தான். வேறு கட்டம் கேட்டேன். “செத்தவனுக்கு என்ன கட்டம்? தீர்ந்ததெண்டு அடியும்,” என்றார் பெரிய கிளாக்கர். தீர்ந்தவை கூடிவிட்டன என்று அவருக்கு மகிழ்ச்சி வேறு. வேலையை விட்டெறிய நினைத்தேன். வீட்டில் உலை ஏறுவது என் சம்பளத்தில்.

போன கிழமை மூதூரிலிருந்து மதினி வந்தார். உங்கள் மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்திருக்கிறார்களாம்.

“தம்பி, அவர் குற்றவாளியா, இல்லையா? மாப்பிள்ளை வீட்டில அதைத்தான் கேக்கிறாங்க.”

“ரெண்டும் இல்லை மதினி. வழக்கு முடிஞ்சுது.”

“முடிஞ்சதெண்டா?”

நான் மேசைமேல் கிடந்த தாள்களை அடுக்கினேன். மதினி, கடைசி லோஞ்சுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

இந்த மாவட்டத்தில் நீதி எவ்வளவு விரைவாக நடக்கிறதென்று இனி எங்கோ ஒருவர் உங்களையும் சேர்த்த அந்த எண்ணிக்கையைக் காட்டிப் பேசுவார். அதைத் தட்டச்சு செய்த எனக்குத்தான் தெரியும், மதினிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று.